சர்க்கரை வியாதிக்குக் கணக்கு எழுதிய டாக்டர்

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதில் ஆக்ஸ்போர்டு என்று ஒரு சிறிய ஊர். பெரிய பெரிய கல்லூரிகள் உள்ள ஆக்ஸ்போர்டு இங்கிலாந்தில் இருக்கிறது. அது வேறு, இது வேறு.

இந்தச் சிற்றூரின் அகலமான தெரு ஒன்றில் மூன்று வீடுகள் அடுத்தடுத்து நின்றன. அவற்றில் ஒருவர் பின் ஒருவராகக் குடிவந்த குடும்பத் தலைவர்களும் தலைவிகளும் மொத்தம் 7 பேர். பெண்கள் 4 பேர், ஆண்கள் 3 பேர். அந்த 7 பேரில் 6 பேர் ஒரே வியாதியால் இறந்து போனார்கள்.

காலரா அல்ல. வைசூரி அல்ல. சர்க்கரை வியாதி.

ஊரில் யாரும் திடுக்கிடவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு டாக்டர் மட்டும் இதைப் பற்றி ஓயாமல் யோசித்தார். டைபாய்டு காய்ச்சலில் இப்படி வரிசையாக 6 பேர் இறந்திருந்தால் சுகாதார இலாகா சும்மா இருக்குமா? கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும், பால்காரனைப் பிடிக்கும், ஊரையே புரட்டிப் போடும். சர்க்கரை வியாதி என்றால் மட்டும் ஏன் தலைவிதி என்று விட்டு விடுகிறோம்? இதுதான் அவருடைய கேள்வி. 1921-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் அந்த மூன்று வீடுகளின் கதையை அவர் எழுதினார்.

அவர்தான் டாக்டர் எலியட் ஜாஸ்லின். சர்க்கரை வியாதி வைத்தியத்தில் அவர் பெயரை அறியாத டாக்டர் உலகில் இல்லை எனலாம்.

செருப்புத் தொழிற்சாலை முதலாளியின் மகன்

ஜாஸ்லின் 1869-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி பிறந்தார். தகப்பனார் காலணிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. பையன் நினைத்திருந்தால் கணக்குப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுகமாக வியாபாரம் பார்த்திருக்கலாம். அவர் படிப்பைத்தான் தேடிப் போனார். ஏல் பல்கலைக் கழகத்தில் 1890-ல் பட்டம் பெற்றார். உடம்புக்குள் நடக்கும் ரசாயன மாறுதல்களைப் பற்றி அங்கேயே மேலும் ஓர் ஆண்டு படித்தார். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1895-ல் டாக்டரானார்.

மாணவராக இருந்தபோதே, 1893-ல், பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம்பெண்ணைப் பார்த்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெண். சர்க்கரை வியாதி அவளை உருக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய விவரங்களை ஜாஸ்லின் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார். கடைக்காரர்கள் பற்று வரவு எழுதுவார்களே, அதைப் போன்ற பெரிய பேரேடு. அதில் அவள்தான் முதல் எண்.

அன்று தொடங்கிய எழுத்து நிற்கவே இல்லை. வந்த ஒவ்வொரு நோயாளியின் வயது, உயரம், எடை, நோய் வருவதற்கு முன் இருந்த எடை, குடும்பத்தில் வேறு யாருக்கு இந்த நோய், சிறுநீரில் எவ்வளவு சர்க்கரை, எத்தனை ஆண்டு வாழ்ந்தார், எதனால் இறந்தார் என்று எல்லாம் வரிசையாக ஏறின. ஊரை விட்டுப் போன நோயாளிக்குக் கடிதம் போட்டு விசாரிப்பார். பதில் வந்ததும் பேரேட்டில் பதிவார். ஒரு நோயைப் பற்றி இவ்வளவு பெரிய கணக்கை, இத்தனை காலம், இத்தனை ஒழுங்காக எழுதிய டாக்டர்கள் மிகச் சிலரே.

அந்தப் பேரேட்டில் 8-வது எண் யாருடையது தெரியுமா? அவரைப் பெற்ற தாயாருடையது!

19-ம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஜாஸ்லினின் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி கண்டது. அந்தக் காலத்தில் இது சாதாரணச் செய்தியல்ல. மருந்து கிடையாது. மகனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவது. மாவுப் பண்டங்களைக் குறைத்தார். அளந்து அளந்து உணவு கொடுத்தார். தாயாரும் மகன் சொன்னதைத் தட்டவில்லை. நோய் வந்த பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் நன்றாக வாழ்ந்து 1913-ல் காலமானார். நோய் வந்தவர் சீக்கிரம் போய்விடுவார் என்று எல்லோரும் நம்பிய நாளில் இது பெரிய விஷயம். ஜாஸ்லின் தம் வாழ்நாள் முழுவதையும் இந்த ஒரு நோய்க்கே கொடுத்ததற்கு இந்த 8-வது எண்ணும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பட்டினி வைத்தியம்

இங்கே நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் கிழங்கும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் போனால்தான் உடம்புக்குப் பலம். உள்ளே அனுப்பும் வேலையைச் செய்வது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது. இன்சுலின் இல்லாவிட்டாலும், இருந்தும் வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிவிடும். சிறுநீரில் வழியும். கண், சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் என்று ஒவ்வொன்றாகக் கெடும்.

1915-ம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் பிரெடரிக் ஆலன் என்ற டாக்டர் ஒரு முறையைக் கொண்டு வந்தார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை நோயாளியைப் பட்டினி போடுவது. பிறகு மிகச் சிறிதாக உணவு கொடுத்துப் பார்ப்பது. சர்க்கரை மறுபடி தலைகாட்டினால் மறுபடி பட்டினி. ஜாஸ்லினும் இதைக் கையாண்டார். வேறு வழி இல்லை.

பத்து வயதுப் பையன் பசி பசி என்று அழுவான். தாய் கண்ணீர் விடுவாள். டாக்டர் தராசில் காய்கறியை நிறுத்துக் கொடுப்பார். அந்தப் பையன் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதலாக வாழ்வான். எலும்பும் தோலுமாக வாழ்வான். இதை வைத்தியம் என்பதா, கொடுமை என்பதா? ஆலனையும் ஜாஸ்லினையும் அந்தக் காலத்திலேயே குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அப்படி இழுத்துப் பிடித்த உயிர்களில் சில, இன்சுலின் வரும்வரை தாக்குப் பிடித்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

1916-ல் தம் சொந்த நோயாளிகள் ஆயிரம் பேரின் விவரங்களைக் கொண்டு சர்க்கரை வியாதி வைத்தியத்தைப் பற்றி ஜாஸ்லின் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1918-ல் ஒரு சிறிய கைப்புத்தகமும் எழுதினார். இது டாக்டர்களுக்கு மட்டுமல்ல, நோயாளிகளுக்கும் சேர்த்து எழுதியது. நோயாளி தன் நோயைத் தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த நாளில் புது எண்ணம்.

பேரேடு சொன்ன ரகசியம்

ஆயிரம் பேரின் கணக்கு கையில் இருந்தால் தனி நோயாளியிடம் தெரியாதது தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது சர்க்கரை நோயாளி பெரும்பாலும் இளைத்துப் போயிருப்பார். ஆகையால் இது ஒல்லியானவர்களின் நோய் என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் ஜாஸ்லின் பேரேட்டில், நோய் வருவதற்கு முன் இருந்த எடையும் பதிவாகியிருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இன்ன வயதுக்கு, இன்ன உயரத்துக்கு, இன்ன எடை என்று ஓர் அட்டவணை வைத்திருந்தன. ஜாஸ்லின் தம் நோயாளிகளின் பழைய எடையை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டார்.

குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் வித்தியாசம் தெரியவில்லை. நடு வயதைத் தாண்டியவர்களிடம்தான் உண்மை வெளிப்பட்டது. நோய்க்கு முன் அவர்களில் பெரும்பாலோர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். அளவுக்குக் குறைந்த எடையில் இருந்து நோய் வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து ஜாஸ்லின் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். நடு வயதில் வரும் சர்க்கரை வியாதியில் பெரும் பகுதியைத் தடுக்க முடியும். உடம்பு பெருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், முக்கியமாகக் குடும்பத்தில் யாருக்காவது நோய் இருந்தால். இதுதான் 1921-ல் அவர் எழுதியதன் சாரம். நோய் வந்தபின் பார்ப்பதை விட்டு, வருமுன் பார்க்கச் சொன்ன முதல் குரல்களில் அது ஒன்று.

ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். கொழுத்த நோயாளிகளை ஜாஸ்லின் சற்றுக் கடுமையாகவே பார்த்தார். அதிகம் தின்றதற்கு இயற்கை விதித்த அபராதம் இது என்பது அவர் எண்ணம். அவரோ ஒல்லியான, கட்டுப்பாடான மனிதர். ஆகவே பிறருக்கும் மனசு வைத்தால் முடியும் என்று நினைத்தார். இது முழு நியாயம் அல்ல. ஏன் என்பதைப் பின்னால் வந்த விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

இன்சுலின் வந்தது

அந்தக் கட்டுரை வெளிவந்த சில மாதங்களிலேயே, 1921 கோடையில், கனடாவின் டொரான்டோ நகரில் பாண்டிங் என்ற இளம் டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் மெக்லியோட் என்பவரின் சோதனைச் சாலையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் இன்சுலின் ஒரு சிறுவனின் உயிரைக் காப்பாற்றியது. மண்ணுலகமே மகிழ்ந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி பாஸ்டனில் ஜாஸ்லின் தம் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஊசி போட்டார். அந்த அம்மாள் ஒரு நர்ஸ். ஐந்து ஆண்டு நோயிலும் பட்டினியிலும் சுமார் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ அளவுக்கு இளைத்திருந்தார். வீட்டை விட்டு வெளியே போகத் திராணி இல்லை. ஊசி போட்ட சில வாரங்களில் எழுந்து நடமாடத் தொடங்கினார். இறந்துகொண்டிருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஓடி விளையாடுவதை ஜாஸ்லின் தம் 53-வது வயதில் கண்டார்.

எல்லோரும் நோய் ஒழிந்தது என்றார்கள். ஜாஸ்லின் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஊசி உயிரைக் காக்கும், ஆனால் நோயைப் போக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, இன்சுலின் இம்மூன்றும் ஒரு ரதத்தில் பூட்டிய மூன்று குதிரைகள்; மூன்றையும் சேர்த்து ஓட்டத் தெரிந்தவனே ஊர் போய்ச் சேருவான் என்று நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நோயாளிகளை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் போலப் பாடம் நடத்தினார். பாடம் சொல்லவென்றே நர்ஸுகளைப் பழக்கினார். நோயுள்ள குழந்தைகளுக்குக் கோடை முகாம்கள் ஏற்பட்டன. 25 ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தும் கண்ணும் ரத்தக் குழாயும் கெடாமல் இருந்தவர்களுக்கு 1948 முதல் வெற்றிப் பதக்கம் வழங்கினார். நோயாளிக்குப் பதக்கம்! போர் வீரனுக்குக் கொடுப்பது போல.

ஆனால் வருமுன் காப்பது பற்றி 1921-ல் அவர் சொன்னதை இந்த ஆரவாரத்தில் பலரும் மறந்து போனார்கள். ஊசி இருக்கும்போது எடையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

சொந்த ஊரில் எடுத்த கணக்கு

1946-ம் ஆண்டு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஒரு வேலையில் இறங்கினார்கள். ஓர் ஊரில் உள்ள எல்லோரையும் சோதித்துப் பார்ப்பது. யாருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, இருந்தும் தெரியாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் ஆக்ஸ்போர்டு, ஜாஸ்லினின் சொந்த ஊர்.

ஊரின் ஜனத்தொகை 4,983. அதில் 3,516 பேர் சோதனைக்கு வந்தார்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தவர்கள் 40 பேர். நோய் இருந்தும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் 30 பேர்! நாலு பேருக்குத் தெரிந்தால் மூன்று பேருக்குத் தெரியாமல் இருக்கிறது என்ற கணக்கு மருத்துவ உலகத்தைத் தூக்கி வாரிப் போட்டது. வேறு பல நாடுகளிலும் இதைப் போல ஊர்ச் சோதனைகள் நடந்தன.

ஏன் என்ற கேள்வி

உடம்பு பெருத்தால் நோய் வருகிறது என்று பேரேடு சொல்லிற்று. ஏன் வருகிறது என்று பேரேட்டால் சொல்ல முடியவில்லை. கொழுப்பு என்றால் இடுப்பில் தொங்கும் சும்மாச் சுமை, மூட்டையில் கட்டிய பஞ்சு போல என்றுதான் அந்தக் காலத்தில் பலரும் எண்ணினார்கள். சும்மாக் கிடக்கும் சுமை எப்படிக் கணையத்தைக் கெடுக்கும்?

முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

1936-ல் லண்டனில் ஹிம்ஸ்வர்த் என்ற டாக்டர், சர்க்கரை நோயாளிகளில் இரண்டு வகை உண்டு என்று காட்டினார். ஒரு வகையினருக்கு இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. இன்னொரு வகையினருக்கு இறங்க மறுக்கிறது. 1947-ல் பிரான்சு தேசத்தில் மார்செய் நகரத்து டாக்டர் ஜான் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதைப் போலவே எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம் என்றார். தொடையிலும் இடுப்பின் கீழும் சேரும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. உடம்பின் மேல் பாகத்திலும் வயிற்றிலும் சேருவதே ஆபத்து.

1960-ல் நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானியும் சாலமன் பெர்சன் என்ற டாக்டரும், ரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அளந்து பார்த்தால் அதிசயம்! நடு வயதில் நோய் கண்ட பலருக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது. ஆனால் வேலை நடக்கவில்லை. கணையம் கத்திக் கத்திக் கூப்பிடுகிறது. உடம்பு காது கேளாததுபோல் இருக்கிறது. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

உடம்பு ஏன் காது கேளாததாயிற்று? இதற்கு விடை கொழுப்பு அணுக்களில் இருக்கிறது.

குதிர் நிறைந்தால்

கிராமத்து வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிரைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு அணு என்பது அப்படி ஒரு குதிர். தேவைக்கு மேல் சாப்பிட்டது கொழுப்பாக மாறி அதில் போய் அடைகிறது. பட்டினி கிடக்கும் நாளில் அது வெளியே வந்து உடம்புக்கு உதவுகிறது. குதிர் இருப்பது தப்பல்ல. குதிரே இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பிறவியிலேயே கொழுப்பு அணுக்கள் இல்லாமல் பிறக்கும் மனிதர்கள் மிக அபூர்வமாக உண்டு. பார்ப்பதற்கு வற்றலாக இருப்பார்கள். அவர்களுக்கும் கடுமையான சர்க்கரை வியாதி வருகிறது!

ஆகவே கெடுதல் செய்வது கொழுப்பு மட்டுமல்ல. கொழுப்புக்கு இடம் இல்லாமல் போவதுதான். அடைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு அணுவும் ஊதிப் பருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் தாங்காது. கொழுப்பு வெளியே கசிகிறது. குதிர் நிறைந்தபின் கொட்டிய நெல் கூடத்திலும் அடுப்பங்கரையிலும் சிதறுவதைப் போல, அது கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் போய்ப் படிகிறது. அங்கெல்லாம் இன்சுலினின் வேலை கெடுகிறது.

இன்னொன்று. கொழுப்பு அணு சும்மா இருக்கும் குதிரும் அல்ல. அது பேசுகிறது. 1994-ல் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக் கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர், கொழுப்பு அணுக்கள் லெப்டின் என்ற பொருளை ரத்தத்தில் விட்டு, சேமிப்பு போதும், பசியைக் குறை என்று மூளைக்குத் தகவல் அனுப்புவதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே, பெருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து புண்ணின் அழற்சியில் தோன்றும் ஒரு பொருள் வெளிவந்து இன்சுலினைத் தடுக்கிறது என்பது வெளியாகியிருந்தது. ஊதிப்போன கொழுப்பு, ஆறாத புண்ணைப் போல உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது.

கணையம் என்ன செய்யும்? மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும். பல ஆண்டுகள்கூடச் சமாளிக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறாது. ஆளுக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கணையம் களைத்துப் போகும். அன்றுதான் நோய் வெளியே தெரியும். உடம்பு பெருத்த எல்லோருக்கும் நோய் வராததற்கும் இதுவே காரணம். சிலருடைய கணையம் களைப்பதில்லை. சிலருக்குக் குதிர்கள் அதிகம். அது அவரவர் பரம்பரையைப் பொறுத்தது.

குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பெரும்பாலும் வருவது வேறு நோய். அங்கே உடம்பின் காவல் படையே தவறிப்போய்க் கணையத்தின் இன்சுலின் அணுக்களை அழித்துவிடுகிறது. அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. பெற்றோர் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஜாஸ்லின் பேரேட்டில் சிறுவர்களிடம் எடை வித்தியாசம் தெரியாததன் காரணம் இதுவே.

2008-ல் இன்னோர் உண்மை தெரிந்தது. பெரியவர்களின் உடம்பில் கொழுப்பு அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இளம் வயதிலேயே நிலைத்துவிடுகிறது. ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு அழிகிறது, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. எடை குறைந்தால் அணுக்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. இளைத்தவர்கள் மறுபடி பருப்பது ஏன் இவ்வளவு சுலபம் என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். சுருங்கிய அணுக்கள் லெப்டினையும் குறைவாக விடுகின்றன. மூளையோ பசியைக் கிளப்புகிறது. மனசு வைக்கவில்லை என்று கொழுத்த நோயாளிகளை ஜாஸ்லின் கண்டித்தாரே, அவர்களில் பலர் மனசோடு மட்டுமல்ல, தங்கள் அணுக்களோடும் போராடினார்கள்.

டாக்டர் போன பிறகு

ஜாஸ்லின் 90 வயது தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். மகன் ஆலனும் டாக்டராகி அவரோடு வேலை செய்தார். பாஸ்டனில் அவர் பெயரால் மருத்துவ மனை எழுந்தது. 1962-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, 92-வது வயதில், ஜாஸ்லின் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். யாலோவும் பெர்சனும் இன்சுலினை அளந்து காட்டியதை அவர் கண்டிருந்தார். கொழுப்பு அணு பேசும் என்பதை அறிய அவர் இருக்கவில்லை.

அவர் பெயர் கொண்ட ஆராய்ச்சிக் கூடத்திலேயே அந்த வேலை தொடர்ந்தது. 2003-ல் அங்கு டாக்டர் ரொனால்டு கான் குழுவினர், கொழுப்பு அணுக்கள் மட்டும் இன்சுலினின் சொல்லைக் கேளாதபடி பிறந்த எலிகளை வளர்த்தார்கள். அவை மற்ற எலிகளைப் போலவே தின்றன. ஆனால் பருக்கவில்லை, மற்றவற்றைவிட 18 சதவீதம் கூடுதல் ஆயுளோடு வாழ்ந்தன. 2008-ல் இன்னொரு வேடிக்கை செய்தார்கள். எலியின் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை எடுத்து வேறோர் எலியின் வயிற்றுக்குள் வைத்தார்கள். கொழுப்பைக் கூட்டியும், அந்த எலியின் உடம்பில் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது! தோலடிக் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும் ஒன்றல்ல என்பது இதனால் தெளிவாயிற்று. மார்செய் டாக்டர் ஊகித்தது வீண்போகவில்லை.

1921-ல் ஜாஸ்லின் சொன்னதைச் சோதிக்க மட்டும் 80 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் 27 மருத்துவ நிலையங்கள் சேர்ந்தன. ஜாஸ்லின் நிலையமும் அவற்றில் ஒன்று. எடை கூடி, சர்க்கரை சற்று ஏறி, ஆனால் நோய் இன்னும் வராத 3,234 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் 150 நிமிட நடையும், எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதும் இலக்கு. 80 கிலோ உள்ளவர் ஐந்தரைக் கிலோ குறைத்தால் போதும். இன்னொரு பகுதியினருக்கு மெட்பார்மின் மாத்திரை. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. சுமார் 3 ஆண்டு கழித்து, 2002-ல் முடிவு வெளியாயிற்று. மெட்பார்மின் நோயை 31 சதவீதம் குறைத்திருந்தது. நடையும் அளவான சாப்பாடும் 58 சதவீதம் குறைத்திருந்தன.

இதே சோதனை நம் நாட்டிலும் நடந்தது. சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தினார்கள். முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். இந்தியர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கை கால் ஒல்லியாக இருக்கும். வயிறு மட்டும் முன்னால் வரும். அமெரிக்கர் அளவுக்கு எடை ஏறுவதற்கு வெகு முன்பே நமக்கு நோய் வந்துவிடுகிறது. ஆகவே ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே எச்சரிக்கை என்று டாக்டர்கள் வகுத்திருக்கிறார்கள்.

சென்னைச் சோதனையில், வழக்கம்போல் இருந்தவர்களில் 3 ஆண்டுக்குள் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்கே வந்தது. இவர்களுடைய எடை அப்படியொன்றும் குறையவில்லை. தராசு முள் நின்ற இடத்திலேயே நின்றது. இன்சுலின் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது.